குறிப்புச் சீட்டும் ஏட்டெண்ணும்

ஆராய்ச்சி செய்வார்க்குப் படித்தவற்றைக் குறித்து வைத்தலும், குறித்தவற்றை வேண்டும்போது எடுத்தலும் ஆகிய இரண்டும் இன்றியமையாதன. இவற்றுள் முன்னையது எளிது, பின்னையதே அரிது. அவ்வருமையை நீக்க எழுந்த எளிய கருவி குறிப்புச் சீட்டு. ஒரு தாள்துண்டில் ஒரே செய்தியை எழுதி, அத்தகைய துண்டுகளை வேண்டியவாறு அடுக்கிக்கொள்ளும் இம்முறை, ஐரோப்பாவில் நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, சீட்டினால் அறிஞர் பெற்றது யாது, இழந்தது யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

சீட்டின் இயல்பை உணர, முதற்கண் அதற்கு மாறான ஏட்டின் இயல்பை நோக்குதல் வேண்டும். ஓலைச்சுவடியில் ஏடுகள் துளையிட்டுக் கயிற்றிற் கோக்கப்பெறும். ஏட்டின் இடப்புற ஓரத்தில் தமிழ் எண் பொறிக்கப்பெறும். கயிறு அறுந்து ஏடுகள் சிதறினும் எண்கொண்டு மீண்டும் அடுக்கலாம். இடையில் ஓர் ஏடு மறைந்தால், மறைந்தது என்னும் உண்மையையும் அவ்வெண்ணே அறிவிக்கும். நூலின் பாட்டெண்ணும் இத்தகையதே. புறநானூற்றில் 267, 268 ஆகிய பாட்டுகள் கிடைத்தில. நற்றிணையில் 234ஆம் பாட்டும், ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகியனவும் கிடைத்தில. பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் இறுதிப் பத்தும் கிடைக்கப்பெறாதன. இவ்விழப்புகளை நாம் இன்று இத்துணைத் தெளிவாகச் சுட்டுதற்குக் காரணம், தொகுத்தோர் எண் வகுத்துத் தொகுத்தமையே. பொருள் அழிந்த பின்னும் அதன் இடம் அழியவில்லை. ஏடு தன் இழப்பைத் தானே சொல்லும் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், எண்ணிட்டுக் கட்டியதில் ஒரு குறையும் உண்டு. இடையே புதியதொன்றைச் சேர்த்தல் அரிது. பிறர் நூலைப் படி எடுப்பார்க்கு இக்குறை பெரிதன்று. நாள்தோறும் புதுச் செய்தி சேர்ப்பார்க்கோ பெரிது. இக்குறையே சீட்டு முறை தோன்றுதற்குக் காரணமாயிற்று.

சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரினரான கான்ராட் கெஸ்னர், 1545இல் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளின் நூலாசிரியரைத் தொகுத்துப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். 1548இல் வெளியிட்ட அதன் தொடர்ச்சியில், பொருளடைவு செய்யும் முறையையும் விளக்கினார். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் குறிப்புகளை எழுதுக. ஒவ்வொன்றையும் தனித்தனியே வெட்டுக. பின்னர் வரிசைப்படுத்தி ஒட்டுக என்பது அவர் கூறிய முறையின் சாரம். அவர்க்குச் சீட்டு இடைக்காலக் கருவியே. வரிசை முடிந்ததும் அது மீண்டும் ஏடாகிவிடும்.

சீட்டைச் சீட்டாகவே வைத்துக் காக்கும் எண்ணம் அடுத்த நூற்றாண்டினது. இங்கிலாந்தில் தாமஸ் ஹாரிசன் என்பார், தலைப்பு வாரியாகக் கொக்கிகள் அமைத்து அவற்றிற் சீட்டுகளைக் குத்தி வைக்கும் பேழை ஒன்றை வகுத்தார். இதனை வின்சென்ட் பிளாக்கியஸ் என்னும் செருமானியர் 1689இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மெய்யியலறிஞர் லைப்னிட்சும் இத்தகைய பேழை ஒன்றை வைத்திருந்தார். சுவீடன் நாட்டு லின்னேயசு, உலகின் பல பகுதிகளிலிருந்தும் செடிகளும் உயிரினங்களும் வந்து குவிய, கட்டிய குறிப்பேட்டில் இடம் காணாது, 1760களில் ஒரே அளவான சீட்டுகளைக் கையாண்டார். எத்துணை இனம் புதிதாக வரினும் அடுக்கு இடந்தரும் என்பதே அவர் பெற்ற பேறு.

இவ்வரலாற்றில் நாம் சிறப்பாக நோக்கத்தக்கது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து நிகழ்ச்சி. சமயநிலையங்களிலிருந்து கைப்பற்றிய நூல்களுக்கெல்லாம் அட்டவணை செய்ய விரும்பிய அரசு, 1791இல் விதிமுறை ஒன்று வகுத்தது. அக்காலத்துச் சீட்டாட்டச் சீட்டுகளின் பின்புறம் வெறுமையாக இருந்தமையானும், அவை தடித்தும் ஓரளவினவாயும் இருந்தமையானும், நூற்பெயர் எழுத அவற்றையே கொள்ளுமாறு அவ்விதி கூறிற்று. நூலுக்கு இட்ட எண்ணையே சீட்டிற்கும் இடுதல் வேண்டும். சீட்டுகளின் கீழ் இடமூலையில் ஊசியால் நூல் கோத்தல் வேண்டும் என்றும் விதித்தது. எண்ணும் கயிறும் ஆகிய சுவடியின் இரு காவல்களும், சுவடியை அறியாதார் வகுத்த இம்முறையிலும் அமைந்திருத்தல் வியக்கத்தக்கது. பிரிந்து கிடப்பனவற்றைக் காத்தற்கு இவை இயல்பான வழிகள் என்பது இதனால் விளங்கும்.

இக்காவல் இன்றிச் சீட்டுப் பெருகினால் நேர்வது யாது என்பதற்கு ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் வரலாறு சான்றாகும். 1857இல் இலண்டன் மொழியியற் கழகத்தார் தொடங்கிய இப்பணி, 1879இல் ஜேம்ஸ் மரே பதிப்பாசிரியரான பின்னர் உரம் பெற்று, 1928இல் நிறைவெய்தியது. தன்னார்வப் படிப்பாளர் பல்லாயிரவர் எழுதி அனுப்பிய சீட்டுகள் ஏறத்தாழ 50 இலட்சம் என்பர். சொல், ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், மேற்கோள் ஆகியன சீட்டில் இடம்பெற்றன, தொடரெண் இடம்பெறவில்லை. சீட்டுகளை வகைப்படுத்த மரே 1,029 சிற்றறைகள் அமைத்தார். முன்னிருந்தோரிடமிருந்து அவர்க்கு வந்த சாக்குகளுள் ஒன்றில் எலிக்குடும்பமே வாழ்ந்தது. எச் எழுத்துக்குரிய சீட்டுகள் இத்தாலியின் பிளாரன்சு நகரிலிருந்து மீட்கப்பட்டன. இவை பேரிழப்பாயினும் கண்ணுக்குத் தெரிந்த இழப்புகள். ஆதலின் தேடவும் முடிந்தது.

தெரியாத இழப்பே கொடிது. அடிமைப்பெண் என்னும் பொருள்படும் ‘பாண்ட்மெய்டு’ என்னும் சொல், ஆங்கில விவிலியத்திலேயே பயில்வது. அதற்குரிய சீட்டுகள் இடம் மாறி மறைந்தன. அடுத்த சொல்லின் சீட்டு முன்னைச் சொல்லின் சீட்டோடு நெருங்கி நின்றது, இடைவெளி தோன்றவில்லை. பகுதி அச்சாகி வெளிவந்த பின்னரே குறை தெரிந்தது. 1933ஆம் ஆண்டுப் பிற்சேர்க்கையிலேதான் அச்சொல் இடம்பெற்றது. எந்த நெகிழ்ச்சி புதியதற்கு இடந்தந்ததோ, அதே நெகிழ்ச்சி இழந்ததன் இடத்தையும் மூடிவிட்டது. சீட்டின் பேறும் இழப்பும் ஒரே இயல்பிற் பிறந்தன என்பது யாம் இங்கு வற்புறுத்துவது.

இருபதாம் நூற்றாண்டில் செருமானியச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமன் (1927–1998) இவ்விரண்டையும் இணைக்க முயன்றார். அவர் எழுதிய சீட்டுகள் ஏறத்தாழ 90,000. ஒவ்வொன்றிற்கும் மாறாத எண் உண்டு. ஒன்றின் பின் புதியதொன்றைச் செருக வேண்டின், முன்னையதன் எண்ணோடு எழுத்தொன்றைச் சேர்த்துக் கிளை எண் அமைப்பார். ஒரு சீட்டு மற்றொன்றை எண்ணாற் சுட்டும். சுட்டிய சீட்டு இல்லையாயின் சுட்டெண் அதனைக் காட்டிக்கொடுக்கும். சீட்டின் நெகிழ்ச்சியும் ஏட்டின் காவலும் ஒருங்கு அமைந்த முறை இது எனலாம்.

இன்று ஆய்வு மாணவர் பலர் குறிப்புகளைக் கைப்பேசியிலும் கணினியிலும் பதிகின்றனர். தேடுபொறி இருத்தலின் வரிசையும் எண்ணும் வேண்டா என்று கருதுவாரும் உளர். அக்கருத்துத் தமிழுக்குச் சிறிதும் பொருந்தாது. ‘ஏடு’ என்று எழுத்துவழித் தேடுங்கால் ‘ஏட்டில்’, ‘ஏட்டினை’ என்பன அகப்படா. புணர்ச்சியாலும் வேற்றுமையாலும் திரிந்த சொற்கள், எழுத்தை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு மறைந்தே நிற்கும். அகப்படாதது இல்லாதது என்று கொண்டு, இச்சொல் இந்நூலில் பயின்றிலது என ஆய்வேட்டில் முடிபு கூறின், அது பெரும்பிழையாய் முடியும். அழிந்த குறிப்பும் அகப்படாத குறிப்பும் திரையில் ஒரு தன்மையனவாகவே தோன்றும்.

ஆதலின், தாளாயினும் திரையாயினும், ஒவ்வொரு குறிப்பிற்கும் விட்டுப்போகாத தொடரெண் இடுதலும், நூலும் பதிப்பும் பக்கமும் குறித்தலும், தலைச்சொல்லைத் திரியாத வடிவில் தனியே எழுதுதலும், எண்களின் பட்டியலைத் தனியேட்டில் வைத்தலும் இன்றியமையாதன. இவற்றை ஆராய்ச்சி நெறிமுறைப் பாடத்தின் முதற்பகுதியாகவே கற்பித்தல் தகும். புறநானூற்றில் நாம் இழந்த இரு பாட்டுகளின் இடம் இன்றும் நமக்குத் தெரிகின்றது. நம் குறிப்புகளுக்கும் அத்துணைக் காவலேனும் வேண்டும்.