தலைமுறை கடந்த படையல்

விழாக்களை ஓர் இனத்தாரின் எழுதப்படாத வரலாறு எனலாம். யூதர்தம் பாஸ்கா விழா இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. அன்றிரவு விருந்துண்ணுமுன், ஏனைய இரவுகளினும் அவ்விரவு வேறுபடுவது ஏன் என வீட்டின் இளைய பிள்ளை வினவும். முன்னோர் எகிப்தில் அடிமைப்பட்டதையும் விடுதலை பெற்றதையும் மூத்தோர் விடையாகக் கூறுவர். கி.பி. 70இல் எருசலேம் திருக்கோயில் அழிந்து, நாடிழந்து சிதறிய பின்னும், அம்மக்களை ஓரினமாகப் பிணைத்தவற்றுள் இவ்வினாவும் விடையும் அடங்கும்.

மலாக்காவிலும் இதனையொத்த மரபு உண்டு. 15ஆம் நூற்றாண்டில், சுல்தான்கள் ஆட்சியில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர் உள்நாட்டுப் பெண்டிரை மணந்தனர். அவர் வழிவந்தோரே மலாக்காச் செட்டிகள். காலப்போக்கில் தமிழ் அவர்தம் நாவினின்று நீங்கியது, மலாய் வீட்டுமொழியாயிற்று. ஆயினும் சமயம் நிலைத்தது. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அதற்குச் சான்று. காஜா பேராங்கிலுள்ள செட்டிக் கிராமத்தில், போகியன்று முன்னோர்க்கு வாழையிலை விரித்துப் படைக்கின்றனர். அதனைப் 'பார்ச்சு' என்பர். ஆண்டின் நடுவில், கனிகள் மிகும் பருவத்தில், பழப் படையலும் உண்டு. இலையில் இடம்பெறும் உணவில் மலாய்நாட்டுச் சுவை கலந்துள்ளது. படைக்கும் மரபோ பாட்டன் பூட்டன் வழிவந்தது.

செலண்டார் வட்டாரத் தோட்டத் தமிழர் பிற்காலத்தில் வந்தோர். மலாக்கா மண்ணில் 1896இல் வாணிக நோக்கில் தொடங்கிய ரப்பர் பயிர்த்தொழில் பெருகியபோது, உழைப்பை நல்கியோர் தென்னாட்டுத் தமிழர். தீபாவளியையொட்டி முன்னோர்க்குப் படையலிடும் வழக்கம் தோட்டக் குடும்பங்களிலும் உண்டு. செட்டிகள் இழந்த மொழியும் இவர்களிடம் உண்டு. எனினும், மொழியிருந்தும் கதை நழுவிவிடக்கூடும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர்; அவருள் திரும்பாதோர் மிகப் பலர். கல்லறையும் அறியப்படாத அத்தகையோர்க்கு வீட்டில் விரிக்கும் இலையே நினைவுச் சின்னம். இலையை விரித்தும் பெயரைச் சொல்லாது விடின், இரண்டு தலைமுறையில் அந்நினைவு அழியும்.

எனவே, 'இந்த இலை யாருக்கு?' என்று பிள்ளைகள் வினவவேண்டும். பாட்டியோ பாட்டனோ விடை கூறவேண்டும். அவ்விடையை மாணவர் தமிழில் எழுதி வைக்க ஆசிரியர் ஊக்குவித்தல் நன்று. தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் நகர்க்குப் பெயரும் காலத்தில், லயத்து வீட்டை எவரும் உடன் எடுத்துச் செல்லவியலாது. முன்னோர் பெயரையும் கதையையும் எடுத்துச் செல்லலாம்.