'செக்' என்னும் சொல் வந்த வழி

 

வங்கியில் கொடுக்கும் காசோலை 'செக்'. கணக்கைச் சரிபார்ப்பது 'செக்'. சதுரங்கத்தில் அரசனுக்கு வைப்பது 'செக்'. கட்டம் போட்ட துணியும் 'செக்'. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை பொருள்கள் எவ்வாறு வந்தன?

நம் மேடைகளில் இதற்கு ஒரு விடை கூறப்படுவதுண்டு. அரபு மொழியில் எழுத்து மூலமான கடன் ஆவணத்திற்கு 'ஸக்' என்று பெயர்; அதுவே ஐரோப்பா சென்று 'செக்' ஆயிற்று என்பர். அடியேனும் பயானில் அவ்வாறு கூறியதுண்டு. ஆனால் ஆங்கிலப் பேரகராதிகள் கூறும் வரலாறு வேறு.

பாரசீக மொழியில் 'ஷாஹ்' என்றால் அரசன். இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் சென்று, அரபுகளிடம் 'ஷத்ரஞ்ஜ்' ஆகி, ஐரோப்பாவை அடைந்தது. அரசனுக்கு ஆபத்து நேரும்போது 'ஷாஹ்' என்று எச்சரிப்பது ஆட்ட வழக்கம். அச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் 'எஷெக்' எனத் திரிந்து, ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. அரசனைத் தடுப்பதிலிருந்து கட்டுப்படுத்தல், சரிபார்த்தல் என்னும் பொருள்கள் கிளைத்தன. பலகையின் கட்டங்களால் கட்டம் போட்ட துணிக்கும் அப்பெயர் அமைந்தது.

12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னரின் வரிக்கணக்கு, சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேசையில், கோடிட்ட துணி விரித்து, காய்களை நகர்த்திப் பார்க்கப்பட்டது. அது சதுரங்கப் பலகையை ஒத்திருந்தமையால் அந்நாட்டுக் கருவூலம் 'எக்ஸ்செக்கர்' எனப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் போலிகளைத் தடுக்க, வங்கித் தாளை அதன் அடிக்கட்டையுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். அடிக்கட்டையின் பெயராகிய 'செக்' பின்னர் தாளுக்கே ஆகிவந்தது.

இதனால் 'ஸக்'கின் சிறப்பு சிறிதும் குறைந்துவிடாது. 10-ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், 42,000 தீனார் கடனுக்கான ஒரு 'ஸக்'கைக் கண்டதாகத் தமது நூலில் பதிவு செய்துள்ளார். அதன் பன்மையாகிய 'ஸுகூக்' இன்றும் வட்டியில்லாப் பொருளாதாரத்தில் வழங்கும் சொல்லாகும். கடனைச் சாட்சிகளுடன் எழுதி வைக்குமாறு ஏவும் வசனமே (2:282) திருமறையின் மிக நீண்ட வசனம். இத்தனை உண்மைகள் கையில் இருக்க, உறுதியில்லாத ஒன்றைச் சொல்லிப் பெருமை தேடும் அவசியம் நமக்கு ஏது?

நாம் கூறும் ஒரு செய்தி தவறென்று பிற சமயச் சகோதரர் ஒருவர் அகராதியைப் புரட்டி அறிந்தால், நாம் கூறிய மெய்யான செய்திகளையும் அவர் ஐயுறுவார். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாமென்று திருமறை (17:36) எச்சரிக்கிறது. ஜமாஅத்தின் பணம் அமானிதம். ஆகவே அதன் கணக்கைத் தணிக்கை செய்கிறோம். நம் நாவில் வரும் வரலாறும் அமானிதமே. அதையும் சரிபார்த்தே கூறுவோம். தவறெனத் தெரிந்தால் திருத்திக்கொள்வோம். அடியேன் என் பிழையை இங்கே திருத்திக்கொள்கிறேன்.

வல்ல அல்லாஹ் சொல்லிலும் கணக்கிலும் வாய்மையாளர்களாக வாழ நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.