மார்கழிக் காலையில் மிதிவண்டி உலா

கார் ஓய்ந்து பனி தொடங்கும் திங்களை நாம் மார்கழி என்கிறோம். இங்குள்ள மலையாள மக்கள் தனு என்பர். அத்திங்களின் விடியற்காலையில், காக்கநாட்டின் சிற்றூர்ப் பாதைகளில் மிதிவண்டியில் உலாச் செல்வோர் பலரை இன்று காணலாம். தலைக்கவசம் அணிந்து, முன்விளக்கு ஒளிர, எங்கும் போய்ச் சேரவேண்டிய கட்டாயமின்றிச் செல்லும் அவர்களைக் கண்டு, "வேலையற்ற வேலை" என்று நகைப்பாரும் உளர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவனே. ஆயின், இவ்வுலாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அது உழைப்பவன் தன் ஓய்வைத் தேடிப் பெற்ற வரலாறு. அதனை அறிந்தபின் என் நகைப்பு நின்றது. என் சிற்றறிவுக்கு எட்டிய அவ்வரலாற்றை நம் சங்கத்து ஆண்டு மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

வானிலை தந்த வண்டி

மிதிவண்டியின் பிறப்பே வானிலையின் மாற்றத்தோடு தொடர்புடையது என்றால் வியப்பாக இருக்கும். 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் புகையும் தூசியும் வானெங்கும் பரவி ஞாயிற்றின் வெப்பத்தைக் குறைத்தன. மறு ஆண்டாகிய 1816-ல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை எனலாம். பயிர்கள் அழிந்தன, தீனி கிடைக்காமல் குதிரைகள் மடிந்தன. குதிரை வேண்டாத வண்டியொன்றைச் செய்யும் எண்ணம் ஜெர்மானியராகிய கார்ல் வான் டிரைஸ் என்பவருக்கு இக்காரணத்தாலேயே தோன்றியது என்று கருதும் ஆராய்ச்சியாளர் உளர். அவர் 1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மன்ஹைம் நகரில் தம் மரவண்டியை வெள்ளோட்டம் விட்டார். அதில் சக்கரம் இரண்டு உண்டு, மிதிகட்டை இல்லை. அமர்ந்தவாறே காலால் நிலத்தை உந்திச் செல்லவேண்டும்.

1860-களில் பாரிஸ் நகரத்து மிஷோ பட்டறையில் செய்யப்பெற்ற வண்டிகளில் முன்சக்கரத்திலே மிதிகட்டை இருந்தது. பின்னர் முன்சக்கரம் ஆளுயரம் வளர்ந்தது. விழுந்தால் தலை உடையும் என்ற நிலையும் உடன் வந்தது. 1885-ல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழச் சமமான இரு சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட ரோவர் வண்டியைச் செய்தார். இன்று நாம் ஓட்டுவது அதன் வழித்தோன்றலே. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரை அமைத்தார். எலும்பைக் குலுக்கிய வண்டி அதன்பின் மென்மையாக உருளலாயிற்று.

ஓய்வு என்னும் உரிமை

கருவி பிறந்தால் போதாது. அதில் ஏறி உலாவ நேரமும் வேண்டும். இங்கிலாந்தின் நெசவாலைகளில் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. சனிக்கிழமை அரைநாள் விடுமுறை படிப்படியாகப் பிற தொழில்களுக்கும் பரவியது. மிதிவண்டி மலிவானபோது, அந்த அரைநாளும் ஞாயிறும் ஆலைத் தொழிலாளியையும் அலுவலக எழுத்தரையும் நாட்டுப்புறத்துக்குக் கொண்டு சென்றன. அதற்குமுன் குதிரை வைத்திருந்த செல்வர்க்கே உரியதாக இருந்த இன்பம் அது.

1878-ல் ஹாரோகேட் நகரில் மிதிவண்டிச் சுற்றுலாச் சங்கம் ஒன்று தோன்றியது. 1894-ல் பர்மிங்ஹாமில் தொழிலாளர் சிலர் கூடிக் கிளாரியன் மிதிவண்டிக் கழகத்தை நிறுவினர். பொதுவுடைமைக் கருத்துகளை ஊர்தோறும் பரப்புவதும், கூடிக் களித்து உலாவுவதும் அவர்தம் நோக்கங்கள். அந்நாட்டின் வானம் ஒரு பொழுதுபோல் மறு பொழுது இராது; காலையில் வெயில், நண்பகலில் தூறல், மாலையில் பனி. ஆயினும் குளிர்காலத்திலும் அவர்கள் வண்டியை மூலையில் சாத்தவில்லை.

நல்ல சாலைகள் வேண்டும் என்று அங்கே முதன்முதல் அமைப்பாகத் திரண்டு முறையிட்டவரும் மிதிவண்டிக்காரரே. 1886 அளவில் அதற்கெனத் தனிச் சங்கம் கண்டனர். அப்போது மோட்டார் வண்டி அச்சாலைகளுக்கு வரவே இல்லை. மிதிவண்டிக்காரன் கேட்டுப் பெற்ற சாலையில் மோட்டார் வண்டி ஏறி, அவனையே ஓரத்துக்குத் தள்ளியது பிற்காலக் கதை.

நம் நாட்டில்

நம் நாட்டிற்கு மிதிவண்டி கப்பலேறி வந்தது. தொடக்கத்தில் வெள்ளையரும் செல்வரும் ஏறிய வண்டி அது. 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் ஆறுபேர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவருள் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் பாலையும் பனியும் காடும் கடந்து, 70,000 கிலோமீட்டருக்குமேல் சென்று, 1928-ல் ஊர் திரும்பினர். அரிய செயல்தான்; ஆனால் அத்தகையோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

விடுதலைக்குப்பின் 1949-ல் சென்னையையடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், 1956-ல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் நிறுவனமும் தொடங்கப்பெற்றன. வண்டி எளியவர் கைக்கு எட்டியது. தபால்காரர், பால்காரர், ஆசிரியர், எழுத்தர் ஆகியோருக்கு அது காலாயிற்று. நகரசபைக்கு ஆண்டு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டவேண்டும். இரவில் விளக்கின்றிச் சென்றாலோ, பின்னால் ஒருவரை ஏற்றிச் சென்றாலோ காவலர் நிறுத்துவார். இத்தனைக் கட்டுப்பாடும் பிழைப்புக்காக ஓட்டியவர்மேல் விழுந்தன. உலாவுவதற்கென்று வண்டியை எடுப்பது பெரியவர்க்கு நாணத்தக்க செயலாக இருந்தது. மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி எடுத்து, இருக்கை எட்டாமல் குரங்குப் பெடல் அடித்த சிறுவரே நம் நாட்டின் உண்மையான உலாக்காரர். வாடகைக் கடைக்காரரின் கடிகாரம் மட்டும் ஏனோ நம்முடையதைவிட விரைந்து ஓடும்!

புதுக்கோட்டைப் பெண்கள்

மிதிவண்டியைப் பற்றித் தமிழர் பெருமையுடன் கூறத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது நான் பிறந்த புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு மிதிவண்டிப் பயிற்சியையும் அப்பணியில் சேர்த்தார். எழுத்தும் வண்டியும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. விவசாயக் கூலிகளும், கல் உடைப்போரும், அங்கன்வாடிப் பணியாளரும், செவிலியரும் வண்டி பழகினர். 1992 மார்ச் 8-ஆம் நாள், உலக மகளிர் நாளில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய வண்டிகளில் ஊர்வலம் வந்தனர். வண்டி கற்ற பெண்களின் தொகை ஏறத்தாழ ஒரு லட்சத்தை எட்டியது என்பர். பெண்களுக்கான வண்டி கடைகளில் தீர்ந்துபோகவே, நடுவில் குறுக்குக் கம்பியுள்ள ஆண்களுக்கான வண்டியையே வாங்கி ஓட்டினர். அக்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதும் அவர்கள் கண்ட வசதி.

என் அன்னையும் அவர்களுள் ஒருவர். ஊர்ப் பொட்டலில் அவர் பழகியபோது, வண்டியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான். ஊரில் சிலர் ஏளனம் செய்தனர். அன்னை செவிகொடுக்கவில்லை. அன்றுமுதல் குடிநீர்க் குடமும், சந்தைக் கூடையும், காய்ச்சல் கண்ட தம்பியும் அவ்வண்டியிலேயே சென்றனர். பிற்காலத்தில் தமிழக அரசு 2001-02-ல் மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005-06-ல் மாணவருக்கும் அதனை விரிவாக்கியது. அதற்கு நெஞ்சத்தளவில் வழி திறந்தவர் எங்கள் மாவட்டத்துத் தாய்மாரே என்பது என் துணிபு.

காக்கநாட்டு இடவழிகள்

இனி நாம் வாழும் ஊருக்கு வருவோம். 1902-ல் சொர்ணூரிலிருந்து எறணாகுளத்திற்கு ரயில் வந்தது. ரயில் ஊரோடு நின்றுவிடும்; அதற்கப்பால் வீட்டு வாயில்வரை செல்வது கால் அல்லது மிதிவண்டியே. அக்காலத்துக் காக்கநாடு நகரமன்று. செம்பாறை மேடுகளும், அவற்றிடையே வயல்களும், கிழக்கே கடம்பிரையாறும் கொண்ட நாட்டுப்புறம். மேடுகளை வெட்டியமைத்த, இருபுறமும் மண்கரை உயர்ந்த ஒடுங்கிய பாதைகளை இந்நாட்டார் 'இடவழி' என்பர். வண்டி ஒன்று செல்லவும், எதிர்வருவோர் ஒதுங்கி நிற்கவுமே இடமிருந்த வழிகள் அவை.

அவற்றுள் மேற்கே செல்லும் வழிகள் திருக்காக்கரை வாமனர் கோவிலை அடையும். திருக்காட்கரை என்று நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடிய திவ்வியதேசம் அதுவே. ஓணத் திருநாளின் கதை தொடர்புற்ற தலமும் அதுவே. தமிழும் மலையாளமும் ஒரே வாயிலில் நிற்கும் அவ்விடத்துக்கு மார்கழி விடியலில் மிதிவண்டியில் சென்றுவருவது, புலம்பெயர்ந்த நமக்குத் திருப்பாவைக் காலத்தை மீட்டுத் தருவதாகும்.

இவ்வூரின் பனிக்காலம் நம்பத்தக்கதன்று. துலாத் திங்களில் நண்பகலுக்குப்பின் இடியுடன் பெய்யும் மழை, விருச்சிகத்தில் மெல்லக் குறையும். அப்போது பாலக்காட்டுக் கணவாய் வழியே கீழ்க்காற்று வீசத் தொடங்கும். தனுவில் வயலோரங்களில் மூடுபனி தங்கும். எட்டு மணிக்குள் வெயில் சுடும். தென்கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று தோன்றினால் திடீரென மழையும் வரும். செம்மண் பாதை நனைந்தால் வழுக்கும். நனைந்த சக்கரத்தில் தடை உடனே பற்றாது. ஆதலின் வேகத்தைக் குறைத்தலும், வீடு திரும்பியதும் சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுதலும் உலாக்காரர் மறவாது செய்யத்தக்கவை.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒகிப் புயல் இவ்வுண்மையைக் கொடுமையாக உணர்த்தியது. கன்னியாகுமரியிலும் கேரளக் கரையிலும் மீனவர் பலர் கடலில் மாண்டனர். அவ்வாண்டு மார்கழியில் என் அன்னை காக்கநாட்டிற்கு வந்திருந்தார். இரவுப் பணி முடிந்து ஒரு காலை வீடு திரும்பிய நான், அவரையும் என் மகளையும் திருக்காக்கரைக்கு அழைத்துச் சென்றேன். வழியில் அன்னை பேத்தியின் வண்டியை வாங்கி ஏறினார். அறுபதை நெருங்கிய அவர், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தடுமாறாமல் மிதித்துச் சென்றார். பாதிவழியில் தூறல் வந்தது. மூவரும் தேநீர்க் கடையொன்றின் கூரையடியில் ஒதுங்கினோம். அப்போது அவர் கூறியது: "தம்பி, கொடமும் இல்லாம கூடையும் இல்லாம இன்னைக்குத்தான் சைக்கிள் ஓட்டுறேன்."

என்னால் விடை கூற இயலவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் வண்டி ஓட்டியவருக்கு, உலாவென்று வாய்த்தது அந்த ஒரு காலை. அவர் ஊரெல்லாம் சுற்றியதைக் கண்டு விடுதலை பெற்றார் என்று நான் மகிழ்ந்திருந்தேன்; அவருக்கு ஓய்வு கிடைத்ததா என்று ஒரு நாளும் எண்ணினேனில்லை.

நாம் செய்யத்தக்கது

2004-ல் இன்போபார்க் வந்தபின் காக்கநாடு பெருநகராயிற்று. அதனால் நம் மக்கள் பலர்க்கு வேலை கிடைத்தது, அதனைக் குறைகூறேன். ஆயின் மண்கரைகள் மதிற்சுவர்களாயின. இடவழிகள் பல கார்கள் விரையும் சாலைகளாயின. இன்று எஞ்சிய பாதைகளில் இருவகை மிதிவண்டிக்காரரைக் காண்கிறோம். ஒருவர், விலையுயர்ந்த வண்டியில் உடல்நலத்திற்காகச் செல்பவர். மற்றவர், வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, பழைய வண்டியில் சோற்றுத் தூக்கு தொங்கக் கட்டட வேலைக்குச் செல்பவர். ஒரே பாதை, ஒரே பனி, ஒரே தூறல். எனினும் ஒருவரை மற்றவர் நோக்குவதில்லை. முன்னவர் கேட்கும் நல்ல பாதை பின்னவருக்கும் உரியது என்பதே 1886-இன் வரலாறு நமக்குக் கூறும் பாடம்.

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் மார்கழியின் ஞாயிறு ஒன்றில், காக்கநாட்டிலிருந்து திருக்காக்கரைவரை ஒரு மிதிவண்டி உலாவை நடத்துவோம். பந்தயம் வேண்டா, பரிசும் வேண்டா. தாய்மாரும் தங்கைமாரும் முன்செல்லட்டும். வண்டி பழகாதவர்க்கு முன்னதாகவே ஒரு திடலில் கற்றுக்கொடுப்போம். மழை வந்தால் ஒதுங்கி நின்று தேநீர் அருந்துவோம். எஞ்சிய இடவழிகளை மூடாது காக்குமாறு நகராட்சியிடம் அன்றே ஒரு விண்ணப்பமும் அளிப்போம்.

உழைப்புக்காக மிதிப்பவர் உவகைக்காகவும் ஒருநாள் மிதிக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!