குறள், சிந்து, குள்ளன்: உயரம் குறைந்தோரைச் சுட்டிய சொற்கள்

உடல் உயரம் மிகக் குறைந்த மாந்தரைத் தமிழ் எச்சொற்களால் சுட்டியது, அச்சொற்கள் அவர்களை எவ்விடத்தில் நிறுத்தின என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவர்களை எங்ஙனம் குறிப்பிடுவது என்னும் தடுமாற்றம் இதழ்களிலும் அலுவலக நடைமுறையிலும் இன்றும் உள்ளது. ஆதலின் இது பழஞ்சொல் ஆராய்ச்சி மட்டுமன்று.

சங்கப் பாடல்களில் இப்பொருளில் வழங்கும் சொல் ‘குறள்’ என்பதாகும். சோழன் நலங்கிள்ளியை நோக்கி உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல் மக்கட் பிறப்பின் எண்வகை எச்சங்களை அடுக்குகிறது; கூனை அடுத்துக் குறள் அங்கு இடம்பெறுகிறது. சிலப்பதிகார வழக்குரை காதையில் பாண்டிமாதேவியைச் சூழ்ந்துவரும் குற்றேவலருள்ளும் அவ்விணை காணப்படுகின்றது. இது தமிழகத்திற்கே உரிய வழக்கன்று. அரண்மனையின் உட்புறத்தை வேவு பார்க்கக் கூனரையும் வாமனரையும் அமர்த்தலாம் எனக் கௌடலியரின் அர்த்தசாத்திரமும் கூறுகிறது. ஆக, இவர்கட்கு இலக்கியம் அளித்த இடம் ஒன்று குறைகளின் பட்டியல்; மற்றொன்று அரசியின் பரிவாரம்.

கலித்தொகை 94ஆம் பாடல் இவ்விரண்டினும் வேறானது. மருதன் இளநாகனார் இயற்றிய மருதக்கலியில் அரண்மனைப் பணிபுரியும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் எதிர்ப்படுகின்றனர். ஒருவர் உருவை ஒருவர் கடுமையாக எள்ளிப் பின்னர் உடன்படுகின்றனர். உரையாசிரியர் மரபு இதனை அடியோர் தலைவராக வந்த நகைப்பாடலாகவே கொண்டது. ஆயின் பாடலின் இறுதிப் பகுதி நுணுகி நோக்கத்தக்கது. அரண்மனையில் உள்ளோர் கண்டு நகைத்தல் கூடாது என்று கருதியே அவ்விருவரும் வெளியே சோலைக்குச் செல்லத் துணிகின்றனர். தம்முள் பரிமாறிய ஏச்சை அவர்கள் பொறுத்துக்கொண்டனர்; பிறர் சிரிப்பையே அஞ்சினர். பாடலை நகைச்சுவை என்று மட்டும் கற்பித்து வருவது இக்குறிப்பினை மறைத்துவிடுகின்றது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

யாப்பிலக்கண உரைமரபில் இதே சொல் இழிவேதுமின்றி வழங்கியது. இருசீரடி குறளடி, முச்சீரடி சிந்தடி, நாற்சீரடி அளவடி எனப் பெயர் பெற்றமைக்குக் காரணம் கூறப் புகுந்த உரையாசிரியர், மாந்தருள் மிகக் குறியவனைக் குறளன் என்றும் அவனினும் சற்று நெடியவனைச் சிந்தன் என்றும் வழங்கும் உலக வழக்கினை எடுத்துக்காட்டினார். ஈண்டுக் குறள் என்பது குறையன்று, அளவு. அவ்வளவின் பெயரே பின்னர்த் தமிழின் தலையாய நூலுக்குப் பெயராயிற்று. ஆழ்வார்களும் வாமனனைக் குறள் எனப் போற்றினர். எனினும் அப்போற்றுதல் மூவுலகும் அளக்க நெடிதுயர்ந்த இறைவனுக்கே உரியது, குற்றுருவம் கொண்ட மாந்தர்க்கு அதனால் மதிப்பேதும் வந்ததாகத் தெரியவில்லை.

பிற்காலத்தில் குறளன், சிந்தன் ஆகிய இரண்டும் மக்களைச் சுட்டும் வழக்கிலிருந்து மறைந்தன. ‘குள்ளன்’ நிலைபெற்றது, கன்னடத்திலும் மலையாளத்திலும் இதன் இனச்சொற்கள் உள. ‘சித்திரக்குள்ளன்’ என்னும் தொடரோ ஆளை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டது. 1989இல் வெளிவந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ திரைப்படம் உயரம் குறைந்த ஒருவனைக் கதைத்தலைவனாக்கியது குறிப்பிடத்தக்கதே. ஆனால் அவ்வேடத்தைப் புனைந்தவர் இயல்பான உயரமுடைய கமல்ஹாசன்.

சட்டத்தின் நிலை வேறு. 1995ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் எழுவகை ஊனங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் உயரக்குறைவு தனியே பெயர் பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அப்பட்டியலை இருபத்தொன்றாக விரித்து, வளர்ந்தோர்க்கு 147 செ.மீ. அல்லது அதற்குக் குறைந்த உயரம் விளைவிக்கும் மருத்துவ அல்லது மரபணு நிலையை இயக்கக் குறைபாட்டின் ஒரு வகையாக ஏற்றது. இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ் பெறுவதற்கு ஒரு பெயர் வேண்டும். ஆகவே பெயரே வேண்டா என்று கூறுதலும் பொருந்தாது. உச்சநீதிமன்றம் 2024 சூலையில், திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளை இழிவுறச் சுட்டும் சொற்களைத் தவிர்க்குமாறு நெறிகளை வகுத்தது.

‘உயரம் குறைந்தோர்’ என்னும் தொடர் உரையாசிரியர் காட்டிய அளவுப் பொருளுக்கு அணித்தாக உள்ளமையால் கொள்ளத்தக்கது. ‘குள்ளர்’ எனப் பலர்பால் விகுதி சேர்ப்பதால் மட்டும் பழைய ஏளனம் நீங்கிவிடாது. தமிழில் மதிப்பு பெயர்ச்சொல்லோடு நிற்பதும் இல்லை. நாற்பது வயதுடைய ஒருவரை உருவங்கண்டு சிறுவனாகக் கருதி ‘வா, போ’ என ஒருமையில் விளிப்பது தெருவிலும் அலுவலகத்திலும் காணும் வழக்கம். ‘உயரம் குறைந்த அலுவலர் வந்தான்’ என்று எழுதும் இதழாளர் பெயரைத் திருத்திவிட்டு வினைமுற்றை விட்டுவிடுகிறார். அவ்வலுவலரின் உயரம் செய்திக்குத் தேவையா என்பது அதற்கும் முன்னரே எழவேண்டிய வினா.