குடும்ப மருத்துவரும் தொலைமருத்துவமும் (இந்தியா)

இந்தியக் குடும்ப மருத்துவர்கள் தொலைபேசியில் ஆலோசனை சொல்வது பழைய வழக்கம். அதற்குத் தெளிவான நெறிமுறைகள் வந்தது 2020 மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாளில். காணொளி, குரல், எழுத்து மூன்றும் அவற்றில் அனுமதிக்கப்பட்டன. நோயாளியே அழைத்தால் அதுவே ஒப்புதல். மருந்துச்சீட்டில் மருத்துவரின் பதிவு எண் கட்டாயம். போதை தரும் மருந்துகளை எழுதக் கூடாது. நேரில் வரச் சொல்வதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். அடுத்த மாதமே பொதுமக்களுக்கான இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவையும் தொடங்கியது.

மருத்துவர்களின் மனநிலை நோய்க்கு நோய் மாறுகிறது. பல ஆண்டுகளாகத் தெரிந்த சர்க்கரை நோயாளி ரத்தப் பரிசோதனை முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், மாத்திரையின் அளவை மாற்றத் தயக்கம் இருப்பதில்லை. வயிற்றுவலி என்றால் கதை வேறு. வயிற்றைத் தொட்டு அழுத்தி, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார் என்று பார்க்காமல் குடல்வால் அழற்சியைச் சந்தேகிப்பதே கடினம். அந்தத் தயக்கம் முற்றிலும் நியாயமானது. நேரங்கெட்ட நேரத்து அழைப்புகளும் கட்டணம் கேட்கக் கூச்சமும் தனிச் சிக்கல்கள். காது மந்தமான முதியவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டார் ஒருவர் உடனிருந்து பேச வேண்டியிருக்கிறது.