பிளவுண்ட நினைவும் கேட்பாரற்ற குரலும்: மனவடுச் சிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நம்மிடையே இலக்கிய வரலாறு நெடுங்காலம் புலவர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. அதே குறைபாட்டினை உளமருத்துவ வரலாற்றிலும் காண்கின்றோம். சார்க்கோ, பிராய்ட் முதலிய பெருமக்கள் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றி மனத்தின் மறைபொருள்களை வெளிப்படுத்தினர் என்பதே பெரும்பாலான நூல்கள் கூறும் கதை. அவர்கள் முன்னிலையில் இருந்து பேசிய, அல்லது பேச இயலாதிருந்த நோயாளர் யாவர், எவ்வர்க்கத்தைச் சார்ந்தோர், எவ்வகை உழைப்பினால் வாழ்ந்தோர் என்னும் வினாக்கள் அக்கதையில் எழுவதில்லை. மனவடுவினால் நினைவும் தன்னுணர்வும் பிளவுறும் நிலை பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றிலே இவ்வினாக்களைத் தவிர்த்து ஓரடிதானும் முன்செல்ல முடியாது என்பது நமது கருத்து.

முதற்கண் சொல்லாட்சி பற்றி ஒரு வார்த்தை. நினைவு, உணர்ச்சி, உடலுணர்வு, 'நான்' என்னும் தன்னுணர்வு ஆகியன இயல்பான நிலையில் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவன. தாங்கொணாத அனுபவத்தின் விளைவாக இவ்விணைப்பு அறுபடும் நிலையை இக்கட்டுரையில் 'தொடர்பறுநிலை' என வழங்குகின்றோம். தமக்கு நிகழ்ந்ததை முற்றாக மறத்தல், தம் உடலைத் தாமே வெளியே நின்று பார்ப்பதுபோல் உணர்தல், சூழவுள்ள உலகம் உண்மையற்றதாகத் தோன்றல் என்பன இதன் வெளிப்பாடுகள். கடுமையான நிலையில் ஒன்றுக்கு மேற்பட்ட தன்னிலைகள் மாறிமாறி ஒருவரது நடத்தையை ஆளுதலும் உண்டு. இதனை மனச்சிதைவு நோயுடன் ஒன்றாக வைத்துப் பேசும் வழக்கம் பத்திரிகைகளில் உள்ளது, அது தவறு. சிறுபிராயத்தில் நீடித்த துன்புறுத்தலுக்கு உள்ளானோரிடமே கடுமையான தொடர்பறுநிலை பெரிதும் காணப்படுகின்றது. தன்னை வதைப்பவரிடமே உணவுக்கும் அன்புக்கும் தங்கியிருக்கும் குழந்தைக்கு ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வலுவில்லை. நிகழ்வதை நினைவின் ஒரு மூலையில் அடைத்து, எஞ்சிய மனத்தைக்கொண்டு மறுநாட் காலையில் பள்ளிக்கூடம் செல்வதே அதற்குக் கிடைக்கும் ஒரே வழி.

இவ்வறிவின் தொடக்கங்களுள் ஒன்றான பாரிஸ் நகரத்துச் சல்பெத்ரியேர் வைத்தியசாலை, வெடிமருந்துத் தொழிற்சாலையாக இருந்து, 1656 ஆம் ஆண்டு அரச ஆணையின்படி வறிய பெண்களை அடைத்துவைக்கும் நிலையமாக மாற்றப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு பணியாற்றிய சார்க்கோ, இசிவுநோய் எனப்பட்டதனை ஏமாற்று என்று ஒதுக்காமல் ஆராய்ச்சிக்குரிய நோயாக ஏற்றமை ஒரு முன்னேற்றமே. ஆயின் அப்பெண்கள் அறிஞர், எழுத்தாளர் முதலியோர் கூடிய மண்டபத்திற் காட்சிப்படுத்தப்பட்டனர், புகைப்படம் எடுக்கப்பட்டனர். சார்க்கோ உற்றுநோக்கினார், அப்பெண்கள் கூறியதைக் கேட்டாரல்லர்.

கேட்கத் தொடங்கியவர் பியேர் ஜானே. லெ ஆவ்ர் நகரில் மெய்யியல் ஆசிரியராக இருந்த அவர் 1889 இல் வெளியிட்ட 'உளத் தன்னியக்கம்' என்னும் ஆய்வே தொடர்பறுநிலை பற்றிய முறையான கொள்கையின் அடிப்படை. அவர் பின்னர் விவரித்த இரேன் என்னும் நோயாளியின் வரலாற்றினைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். இருபத்து மூன்று வயதினளான இப்பெண் உழைக்கும் குடும்பத்தினள், தந்தை குடிகாரன், தாய் சயரோகி. தாயைப் பேணவும் தந்தையின் குடிக்குக் காசு தேடவும் வேண்டி, ஏறத்தாழ அறுபது இரவுகள் சரிவர உறங்காது, தையல் வேலை செய்தவாறே தாயின் படுக்கையருகில் இருந்தாள். 1900 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தாய் இறந்தாள். இரேனுக்கு அந்த இறப்பு நினைவில் இல்லை. தாய் இறந்துவிட்டாள் என்று பிறர் கூறுவதால் நம்புவதாகவே சொன்னாள். ஆனால், வெறுங் கட்டில் ஒன்றினைக் காணும் வேளைகளில், இறந்த உடலுக்கு மருந்து பருக்க முயன்றது, அதனை நிமிர்த்தி இருத்த முயன்றது என அவ்விரவின் நிகழ்ச்சி முழுவதையும் மூன்று நான்கு மணிநேரம் வழுவாமல் நடித்துக் காட்டினாள். அந்நடிப்பு எவரையும் நோக்கியதன்று. அருகில் ஒருவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவ்வாறே நிகழ்ந்தது.

இங்கிருந்து ஜானே வந்தடையும் முடிபு இலக்கிய மாணவராகிய நமக்கு மிக முக்கியமானது. நினைவு என்பது ஒரு செயல். கதை சொல்லுஞ் செயல் என்பது அவர் கருத்து. தாய் எவ்வாறு இறந்தாள் எனக் கேட்போருக்குச் சொல்ல ஓரிரு நிமிடம் போதும். கேட்பவர் யார் என்பதற்கேற்ப அது சுருங்கும், விரியும். ஆகவே அது சமூகச் செயல். மனவடுவின் நினைவோ கேட்போரற்றது; சுருக்கவும் மாற்றவும் முடியாதது. சிகிச்சை என்பது இரண்டாவதனை முதலாவதாக மாற்றுவதே. ஏறத்தாழ ஆறு மாத காலச் சிகிச்சையின் பின்னர் இரேன் தன் தாயின் இறப்பினை அழுதுகொண்டே சொல்லும் நிலையை அடைந்தாள். அவள் நோயை விளக்க முற்படுவோர் அறுபது இரவுகளின் உறக்கமின்மையையும், தைத்தாலன்றி மருந்தில்லை என்ற பொருளாதார நிலையையும் சூழ்நிலை விவரமாக மட்டும் கொள்கின்றனர். இரவிலும் உழைக்க வேண்டியிருந்தவளுக்குத் துயர் கொள்ள நேரம் இருக்கவில்லை என்பதனை நோயின் காரணங்களுள் ஒன்றாகவே நாம் கொள்கின்றோம்.

இதே காலப்பகுதியில் வியன்னாவில் வேறொரு வர்க்கத்தின் நோயாளர் பேசினர். புரோயரின் நோயாளியான 'அன்னா ஓ' செல்வந்த யூதக் குடும்பத்தவரான பேர்த்தா பாப்பன்ஹைம் என்பது 1953 இல் வெளியாயிற்று. புரோயர் அவர் வீடு தேடிச்சென்று, நாள்தோறும் அவர் பேச்சினைக் கேட்டார். 'பேச்சுச் சிகிச்சை' என்ற தொடரும் அந்நோயாளியே ஆக்கியது. பின்னாளில் அவர் யூதப் பெண்களின் அமைப்பொன்றினை 1904 இல் நிறுவி, பெண்களை விற்கும் வாணிகத்தை எதிர்த்து உழைத்தார் என்பது மருத்துவ நூல்களில் அருகியே குறிப்பிடப்படுகின்றது.

1896 இல் பிராய்ட் தம் நோயாளர் பதினெண்மரை ஆதாரமாகக் கொண்டு, இசிவுநோயின் மூலம் சிறுபிராயத்துப் பாலியற் துன்புறுத்தலே என வாதிட்டார். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் நண்பர் பிளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அக்கொள்கையைக் கைவிட்டார். அவர் கூறும் காரணங்களுள் ஒன்று, இக்கொள்கை உண்மையாயின் அத்தனை தந்தையரையும் குற்றஞ்சாட்டவேண்டி நேரும் என்பது. இதனை வெறுங் கோழைத்தனம் எனக் கொள்வது எளிது. அவ்வாறு கொள்ள நாம் தயாரில்லை. அகவாழ்வு பற்றி அவர் பின்னர் கண்டவை அற்பமானவையல்ல. ஆனால், மதிப்புவாய்ந்த பூர்சுவாக் குடும்பம் பற்றிய கருத்துநிலைக்குப் பங்கம் நேரவிருந்த தருணத்தில் நிகழ்ந்தது கற்பனையாக மாறியது என்ற வரலாற்று உண்மையினை மறைக்க இயலாது. 1932 இல் பெரென்சி குழந்தைகள் உண்மையிலேயே துன்புறுத்தப்படுகின்றனர் என மீண்டும் வலியுறுத்தியபோது அவருடைய தோழரே அதனை விரும்பவில்லை.

வர்க்கத்தின் பங்கு மிகத் தெளிவாகப் புலப்படுவது முதலாம் உலகப் போரிலேயாகும். 1915 இல் சார்ள்ஸ் மையர்ஸ் மருத்துவச் சஞ்சிகையான 'லான்செற்'றில் 'எறிகணை அதிர்ச்சி' என்னும் பெயரைப் பயன்படுத்தினார். இரு ஆண்டுகளுள் பிரித்தானிய இராணுவம் அப்பெயரின் வழக்கைக் கட்டுப்படுத்த முனைந்தது. நோய் பெருகியது, பெயரோ ஓய்வூதிய உரிமையைச் சுட்டியது. ஒரே போரிலிருந்து திரும்பியோருள் அதிகாரிகள் பெரும்பாலும் கவலையும் கெட்ட கனவுகளும் உடையோராகவும், சாதாரணப் படையினர் ஊமையராகவும் முடவராகவும் காணப்பட்டனர். எடின்பரோவை அடுத்த கிறெயிக்லொக்காட்டில் அதிகாரிகளுக்குச் சிகிச்சையளித்த றிவர்ஸ் இவ்வேறுபாட்டினைக் கல்விமுறையைக்கொண்டு விளக்கினார். (நீலகிரித் தோடர் பற்றி 1906 இல் வெளிவந்த பெருநூலின் ஆசிரியரும் இவரே.) அதிகாரியின் மனவாழ்வு செறிவுடையது, சிப்பாயினது எளியது என்னும் எண்ணம் அவ்விளக்கத்தில் மறைந்து கிடக்கின்றது. நமக்கு வேறொன்று தோன்றுகின்றது. கட்டளையிடும் உரிமையுள்ளவன் பேசி மறுக்கலாம். 1917 யூலையில் சசூன் போரைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். இராணுவ நீதிமன்றத்துக்குப் பதிலாகக் கிறெயிக்லொக்காட்டுக்கு அனுப்பப்பட்டார். மறுத்துப் பேசும் உரிமையற்ற சிப்பாய்க்குப் பேச்சே இல்லாது போயிற்று. கோழைத்தனம், படையை விட்டோடுதல் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்டோருள் 306 பேருக்கு 2006 ஆம் ஆண்டே மன்னிப்பு வழங்கப்பட்டது.

இலண்டனில் குயீன் ஸ்குவெயர் வைத்தியசாலையைச் சேர்ந்த யீலன்ட் 1918 இல் வெளியிட்ட நூலில் இருபத்து நான்கு வயதுச் சிப்பாய் ஒருவன் வருகின்றான். பல களங்களிற் போரிட்டவன். ஒன்பது மாதமாகப் பேச்சற்றவன். மருத்துவர் அறைக்கதவைப் பூட்டி, பேசும்வரை வெளியேற முடியாது எனக் கூறி, அவனது தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். சில மணிநேரத்தின்பின் அவன் பேசினான், நன்றியும் கூறினான். அதிகாரிக்கு உரையாடல், சிப்பாய்க்கு மின்சாரம். றிவர்ஸின் நோயாளர் கவிதையும் தன்வரலாறும் எழுதினர். இச்சிப்பாயைப் பற்றி நாம் அறிவதெல்லாம் மின்கம்பியைப் பிடித்தவர் எழுதிய குறிப்பினாலேயாம்.

போர்கள் முடிந்ததும் இவ்வறிவும் மங்கியது. அல்ஜீரியாவின் பிளீதா வைத்தியசாலையில் 1953 முதல் 1956 வரை பணியாற்றிய பனன், வதைக்கப்பட்டோரையும் வதைத்த பொலிசாரையும் ஒருங்கே ஆராய்ந்து, நோயின் மூலம் குடியேற்ற ஆட்சியே என 1961 இல் எழுதினார். உளமருத்துவ உலகு அதனை அரசியல் நூலென்று ஒதுக்கியது. வியட்நாமிலிருந்து திரும்பிய படையினர் போருக்கெதிராக அணிதிரண்டு, தமக்குள் கூடிப் பேசும் குழுக்களை அமைத்ததன் பின்னரும், பெண்கள் இயக்கம் வீட்டுக்குள் நிகழும் வன்முறையைப் பொதுப்பிரச்சினையாக்கியதன் பின்னருமே 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் மனவடுவின் பின்னான நெருக்கீட்டு நோய் இடம்பெற்றது. பன்முக ஆளுமையும் அப்பட்டியலிலேயே தனிநோயாக வகுக்கப்பட்டது. மனவடு பற்றிய அறிவு சமூக இயக்கத்தின் துணையின்றி நிலைபெறாது என ஜூடித் ஹேர்மன் 1992 இல் காட்டியுள்ளார். நீடித்த வதையின் விளைவுகளுக்குத் தனிப்பெயர் வேண்டும் என அவர் அன்று முன்மொழிந்ததனை உலக சுகாதார நிறுவனத்தின் 2022 இல் நடைமுறைக்கு வந்த வகைப்பாடு ஏற்றுக்கொண்டது. 2013 இன் அமெரிக்கப் பட்டியல் ஏற்கவில்லை.

இன்றைய சிகிச்சைமுறை மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலில் பாதுகாப்பும் நிலைபேறும். அடுத்து நினைவுகளை எதிர்கொள்ளல். பின்னர் அன்றாட வாழ்வுடன் இணைதல். இதன் கரு ஜானேயிடமே உண்டு. முதற்கட்டத்தை அவசரப்பட்டுக் கடப்பதே பெருந்தவறு. கால்கள் தரையிற் படுவதை உணர்தல், அறையிலுள்ள பொருள்களைப் பெயர்சொல்லி எண்ணுதல் முதலிய எளிய பயிற்சிகளால் நோயாளி நிகழ்காலத்தில் ஊன்றி நிற்கக் கற்றபின்னரே பழைய நிகழ்ச்சியை அணுகல் வேண்டும்; இன்றேல் நினைவு வெள்ளமெனப் புகுந்து பிளவினை மேலும் ஆழமாக்கும். மையர்ஸ் 1940 இல் எழுதிய நூலில், புறத்தே இயல்பாகத் தோன்றும் ஆளுமை, உணர்ச்சிமய ஆளுமை என இரண்டினைப் பிரித்துக் காட்டினார். பான் டெர் ஹார்ட் முதலியோர் 2006 இல் அதனை விரித்து, வேலைக்குச் செல்லும் பகுதியும் அஞ்சி உறைந்த பகுதியும் ஒன்றையொன்று அஞ்சுகின்றன என விளக்கினர். சிகிச்சையாளர் எப்பகுதியையும் விரட்டுவதில்லை. அவற்றிடையே உரையாடலை ஏற்படுத்த முயல்கின்றார். இதற்கு ஆண்டுகள் செல்லும்.

மாற்றுக் கருத்தும் உண்டு. பல்வேறு தன்னிலைகள் மருத்துவரின் தூண்டுதலாலும் கதைப்புத்தகங்களாலும் உருவாகின்றன என்போர் உளர். 1980 களிலும் 1990 களிலும் அறிதுயில்மூலம் நினைவு தோண்டிய சில சிகிச்சையாளரால் நிகழாதவை நிகழ்ந்தனவாக நம்பப்பட்டமை மறுக்கவியலாதது. இவ்விடத்தில் வொலோசினோவ் 1927 இல் பிராய்டியம் பற்றிக் கூறியது மனங்கொள்ளத்தக்கது. நோயாளியின் கூற்று தனிமனத்தின் ஆழத்திலிருந்து தூய்மையாக வருவதன்று. மருத்துவரும் நோயாளியும் சேர்ந்த சிறு சமூக நிகழ்ச்சியில் அது பிறக்கின்றது என்பது அவர் வாதம். இதனால் வதை பொய்யாகிவிடாது. கேட்பவர் ஏற்கனவே விடையை வைத்துக்கொண்டு கேட்கலாகாது என்பதே இதனாற் பெறப்படுவது. யீலன்டும் விடையைக் கையில் வைத்துக்கொண்டே கதவைப் பூட்டினார்.

முதற்கட்டமாகிய பாதுகாப்பு என்பது மேலைநாட்டு நூல்களில் பெரிதும் சிகிச்சை அறையின் பாதுகாப்பாகவே பேசப்படுகின்றது. அடித்தவன் இருக்கும் வீட்டுக்கே மாலையில் திரும்பவேண்டிய பெண்ணுக்கு எந்த அறை பாதுகாப்பு? இவ்வினா நம் நாட்டில் ஏட்டளவினதன்று. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்திற் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட ஆங்கில நூலும் அவருடைய பிற்கால எழுத்துகளும் மனவடுவைத் தனிமனித நோயாக மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சிதைந்த கூட்டு அனுபவமாகவும் நோக்கின. உரு வருதல் பற்றியும் அவரும் பிறரும் ஆராய்ந்துள்ளனர். கோவிற் சடங்கில் ஊர் ஏற்கும் உருவாட்டம் நோயன்று; சடங்குக்குப் புறம்பாக, விரும்பாமல் வந்து வாழ்வைக் குலைப்பதே சிகிச்சைக்குரியது. இவ்வேறுபாட்டினை 2022 இன் உலக வகைப்பாடும் ஏற்கின்றது. ஒரு சில உளமருத்துவரே இருந்த பிரதேசத்தில் ஆண்டுக்கணக்கான தனிச்சிகிச்சை எத்தனை பேருக்குக் கிட்டும்? ஆசிரியரையும் கிராமமட்ட ஊழியரையும் பயிற்றி, பெண்கள் கூடிப் பேசும் இடங்களையும் சடங்குகளையும் மீட்டெடுப்பதே அங்கு சிகிச்சையாயிற்று. அவ்வூழியர் முதலிற் கேட்டறிய வேண்டியவை கனவுகள் அல்ல. கூரை உண்டா, கிணறு உண்டா, இரவில் வீட்டில் யார் இருக்கின்றனர் என்பவையே.