கிளர்ச்சியும் வாக்குப்பெட்டியும்

கிளர்ச்சி ஓர் ஆட்சியை அசைக்கலாம்; அதன் பலனை வகுப்பது பின்னர் வரும் பொதுத்தேர்தலே. இலங்கை வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

1953இல் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12இல் இடதுசாரிகளின் தலைமையில் ஹர்த்தால் மூண்டது. தமிழரசுக் கட்சியும் அதனை ஆதரித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூட நேர்ந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

எனினும், 1956 ஏப்ரல் தேர்தலில் 95 ஆசனங்களுள் 51ஐ வென்றது, ஹர்த்தாலை முன்னின்று நடத்தாத பண்டாரநாயக்காவின் தலைமையிலமைந்த மக்கள் ஐக்கிய முன்னணியே. பசிக்கெதிராக எழுந்த ஒற்றுமை மொழியினாற் பிளவுண்டது. தனிச்சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்து யூன் 5இல் காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் தாக்கப்பட்டனர்.

2022 ஏப்ரலில் அதே திடலில் அறகலயப் போராட்டம் நிலைகொண்டது. மே 18இல் முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அங்கே நினைவுகூரப்பட்டனர். யூலையில் ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச பதவி விலகினார். ஆயின், அவருக்குப் பின்வந்தவரைத் தெரிந்தெடுத்தது 2020இல் அமைந்த பாராளுமன்றமே. புதிய பாராளுமன்றத்துக்கு வாக்களிக்க மக்கள் 2024 நவம்பர் 14 வரை காத்திருந்தனர். தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களுள் 159ஐயும், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றையும் பெற்றது.

1956இல் வெற்றிக்கு வழிசமைத்த மொழிப்பிளவு 2024இல் அவ்விடத்தைப் பெறவில்லை. ஆயினும் முந்திய தேர்தல் புகட்டும் பாடம் மாறாதது: திடலிற் பிறந்த ஒற்றுமை சட்டத்தில் இடம்பெறும்வரை நிலைபெறுவதில்லை.